நான்காயிரம் ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம்

பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தள்ளி ஒலியை அளக்கும் கருவியை வைக்க வேண்டும். அது 125 டெசிபலுக்கு மேல் காட்டினாலோ, வெடியின் உச்சம் 145 டெசிபலைத் தாண்டினாலோ அந்த வெடியைச் செய்யக் கூடாது, விற்கக் கூடாது, வெடிக்கவும் கூடாது. 1999 அக்டோபரில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் மத்திய அரசு சேர்த்த வரம்பு இது. சரவெடிக்குத் தனிக் கணக்கு. நூறு வெடிகளைக் கோத்த சரம் என்றால் வரம்பில் 10 டெசிபல் கழியும், ஆயிரம் வெடி என்றால் 15 கழியும். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடியையே நிறுத்தச் சொன்னது, பேரியம் உப்புகளைத் தடுத்தது, பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்தது. அதற்குப் பிறகு டெசிபல் என்ற சொல் சிவகாசியில் ஆலைக்குள்ளும் கடைத்தெருவிலும் சாதாரணமாகப் புழங்குகிறது.

வெடியை இவ்வளவு கவனமாக அளக்கிற விருதுநகர் மாவட்டத்தில், அதைக் கேட்கிற காதை அளந்துகொண்டவரைப் பார்ப்பது அரிது. கண்ணாடி போட்டவரிடம் கேட்டால் பவர் என்னவென்று சொல்லிவிடுவார். ஐம்பதைத் தாண்டியவர்கள் கூடுகிற இடத்தில் சர்க்கரை அளவும் பி.பி. அளவும் தானாகவே பேச்சில் வந்துவிடும். காது எத்தனை டெசிபலில் கேட்கிறது என்று கேட்டால் மட்டும் யாரிடமும் பதில் இருக்காது. அந்தப் பதிலைத் தரும் சோதனை வலிக்காது, ஊசி கிடையாது, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வளர்ந்தவர்கள் எல்லோரும், குறிப்பாக இந்த மாவட்டத்தில் வாழ்கிறவர்கள், அதை ஒரு முறையாவது முறையாகச் செய்து அந்தத் தாளைக் கையில் வைத்திருக்க வேண்டும். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த நான்கு மீட்டரைப் பார்ப்போம். திறந்தவெளியில் தூரம் பாதியாகக் குறைந்தால் ஒலியின் அளவு 6 டெசிபல் கூடும். நான்கு மீட்டரில் 145 டெசிபல் உச்சம் தரும் வெடி, சட்டப்படி சரியான வெடிதான். அதுவே இரண்டு மீட்டரில் 151, பற்றவைத்துவிட்டு ஓடாமல் நிற்கிறவருக்கு ஒரு மீட்டரில் 157. திடீர் ஒலியின் உச்சம் வளர்ந்தவர்களின் காதில் 140 டெசிபலையும் குழந்தைகளின் காதில் 120 டெசிபலையும் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வகுத்தது. நம் வெடியின் 145 குறைந்து 140 ஆவதற்கு ஏழு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 120 ஆவதற்கு எழுபது மீட்டர் வேண்டும். சிவகாசி, விருதுநகர், சாத்தூரின் உள்தெருக்களில் எதிரெதிர் வாசல்களுக்கு நடுவே ஏழு மீட்டர் கிடைப்பதே பல இடங்களில் கடினம். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் அதோடு சேர்ந்துகொள்ளும். ஆகவே அந்த விதி பொருளின் தரத்துக்கு வரம்பு கட்டுகிறதே தவிர, பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் காதுக்குக் காவலாக இல்லை என்பது என் துணிபு.

ஆனால் இந்த மாவட்டத்துக் காதுகளைப் பற்றிப் பேச வந்தால் பட்டாசோடு நிறுத்திவிடக் கூடாது. பட்டாசு ஆலையில் வேலை நேரம் பெரும்பாலும் அமைதியாகவே கழிகிறது. மருந்து செலுத்துவதும் திரி வைப்பதும் காகிதம் சுற்றுவதும் கைவேலை. அங்கே எதிர்பாராமல் வெடிச்சத்தம் கேட்டால் அது விபத்து. நாள் முழுவதும், வருடம் முழுவதும் காதைத் தேய்க்கும் சத்தம் வேறு கூரைகளின் கீழே இருக்கிறது. ராஜபாளையத்து நூற்பாலைகள், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள், அருப்புக்கோட்டைத் தறிக்கூடங்கள், சிவகாசியின் ஆஃப்செட் அச்சகங்கள், அவற்றில் தாள் மடிக்கும், வெட்டும் இயந்திரங்கள். நூற்பாலையில் ஒலி 85 டெசிபலைத் தாண்டுவதும் விசைத்தறிக் கூடத்தில் 95, 100 டெசிபலைத் தொடுவதும் உலகெங்கும் அளந்து அறிந்த விஷயம். ஷிஃப்டில் பேச முடியாமல் கைச்சாடையும் வாயசைவும் பழகிக்கொண்ட மில் தொழிலாளர்களை ராஜபாளையத்தில் யாரும் பார்க்கலாம். அந்தக் கைச்சாடையே ஓர் எச்சரிக்கை. ஒரு கை நீளத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால், அந்த இடத்தின் சத்தம் காதைக் கெடுக்கும் அளவை எட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் அல்ல. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும், 10 கூடினால் பத்து மடங்காகும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் இதை அப்படியே எடுத்துக்கொண்டு, 85 டெசிபலில் எட்டு மணி நேரம், 88-இல் நான்கு மணி நேரம் என்று குறைத்துக்கொண்டே போய், 100 டெசிபலில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. நம் தொழிற்சாலை விதிகளின் அட்டவணை 90 டெசிபலில் எட்டு மணி நேரத்தையும் 100 டெசிபலில் இரண்டு மணி நேரத்தையும் அனுமதித்து வந்திருக்கிறது. காது இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். எட்டு மடங்கு தாராளம் காட்டும் இந்த அட்டவணை மாற வேண்டும்.

அதே விதிகளில் நல்லதொரு பிரிவும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. வரம்பு மீறிய சத்தத்தில் வேலை செய்பவருக்கு, வேலையில் சேர்ந்த 14 நாட்களுக்குள் செவித்திறன் சோதனை செய்ய வேண்டும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவது திரும்பச் செய்ய வேண்டும் என்று மாதிரித் தொழிற்சாலை விதிகள் சொல்கின்றன. எந்தெந்தச் சுருதியில் சோதிக்க வேண்டும் என்பதையும், 125 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை, வரிசையாகக் குறிப்பிடுகின்றன. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய தொழில்நோய்களில் ஒன்றாகச் சத்தத்தால் வரும் கேள்விக்குறைவு இடம்பெற்றது. ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலிலும் அது இருந்தது. ஆக, இந்தச் சோதனை தொழிலாளிக்கு முதலாளி காட்டும் தயவல்ல, கேட்டுப் பெற வேண்டிய உரிமை.

சத்தம் காதில் எதைக் கெடுக்கிறது? ஒலி இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய் வழியாகப் போய்ச் செவிப்பறையை அதிரவைக்கிறது. அந்த அதிர்வு மூன்று சிற்றெலும்புகள் வழியாக உள்காதுக்குப் போகிறது. மூன்றாவதான அங்கவடி எலும்பு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான், நம் உடலிலேயே மிகச் சிறிய எலும்பு. உள்காதில் காக்ளியா என்ற சுருள் திரவம் நிறைந்து இருக்கிறது. அதற்குள் நீளவாக்கில் ஓடும் சவ்வின் மேல் மயிரிழைச் செல்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000. ஆர்மோனியக் கட்டைகளை வரிசை மாறாமல் சுருட்டி உள்ளே வைத்ததுபோல ஒவ்வொரு சுருதிக்கும் அந்தச் சவ்வில் ஓரிடம் உண்டு. வாசலுக்கு அருகே உயர்ந்த சுருதிகள், சுருளின் உச்சியில் தாழ்ந்த சுருதிகள். இறந்தவர்களின் உடலிலிருந்து எடுத்த காக்ளியாவில் அலை ஓடுவதை நுண்ணோக்கியில் பார்த்து இதை விளக்கிய ஹங்கேரியர் கியோர்க் ஃபான் பெகெஷிக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மயிரிழைச் செல்லின் தலையில் இருக்கும் நுண்ணிய இழைகள் வளைந்தால்தான் நரம்புக்குச் சேதி போகும். பலத்த சத்தத்தில் அவை மடங்கிச் சோர்ந்துவிடும். தீபாவளி இரவில் "காது அடைச்சிருச்சு", "கொய்ங்னு இருக்கு" என்று சொல்கிறோமே, அது அந்தச் சோர்வு. பெரும்பாலும் ஓரிரு நாளில் தெளிந்துவிடும். தெளிந்ததும் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். திரும்பத் திரும்ப நடந்தால், அல்லது ஒரே ஒரு வெடி மிக அருகில் வெடித்தால், செல்லே மடிந்துவிடும். மனிதக் காதில் மடிந்த செல் மறுபடி முளைப்பதில்லை. கோழிக்கு முளைக்கிறது. 1980-களில் ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள், மனிதக் காதிலும் அதை நடத்திக் காட்ட இன்னும் முயன்றுகொண்டிருக்கிறார்கள். காதுக்கு இயற்கையாக ஒரு தற்காப்பு இருப்பதும் உண்மை. பலத்த ஒலி கேட்டதும் அங்கவடி எலும்பைப் பிடித்திருக்கும் தசை இறுகி அதிர்வைக் குறைக்கும். மில் சத்தத்துக்கு அது ஓரளவு உதவும். வெடிச்சத்தத்துக்கு உதவாது, தசை இறுகுவதற்குள் வெடியின் அலை உள்ளே போய்விடும்.

இந்தச் சேதம் எல்லாச் சுருதியிலும் ஒன்றுபோல் விழுவதில்லை. காதுக்குழாயின் நீளம் காரணமாக 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகள் அதற்குள் இயல்பாகவே பெருகும். பலத்த ஒலியோ தன் சுருதிக்குச் சற்று மேலேயுள்ள இடத்தைத்தான் அதிகமாகச் சிதைக்கும். இரண்டும் சேர்ந்து, வெடியோ தறியோ எதுவாக இருந்தாலும், முதல் அடி 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் விழுகிறது. காதைச் சோதித்த வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் தெரியும். 8000 ஹெர்ட்ஸில் கோடு மறுபடி மேலே ஏறியிருக்கும். முதுமையில் வரும் கேள்விக்குறைவில் கோடு அப்படி ஏறாது, சரிந்துகொண்டே போகும். இந்த வடிவத்தை வைத்து, வந்திருப்பது வயதின் வேலையா, சத்தத்தின் வேலையா என்று அனுபவமுள்ளவர் பெரும்பாலும் சொல்லிவிடுவார்.

4000 ஹெர்ட்ஸ் பள்ளத்தில் ஒரு கொடுமை இருக்கிறது. அது வந்தவருக்குத் தெரியாது. உயிரெழுத்துகளின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதிகளில் இருக்கிறது, பேச்சுக்குக் கனம் தருபவை அவை. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் க, ச, ட, த, ப போன்ற வல்லினங்களும் ஸ, ஷ ஒலிகளும் மெலிந்தவை, உயர்ந்த சுருதி கொண்டவை. கட்டு, தட்டு, பட்டு மூன்றிலும் முதலெழுத்து வெடிக்கும் அந்தக் கணநேர ஒலியைத் தவறவிட்டால் எல்லாம் ஒன்றுதான். அதனால்தான் "சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் வெளங்கல" என்கிறார்கள். அமைதியான வீட்டுக்குள், நேருக்கு நேர், உதட்டைப் பார்த்துப் பேசும்போது மூளை விடுபட்டதை இட்டு நிரப்பிக்கொள்ளும். கல்யாண மண்டபத்தில், பேருந்து நிலையத்தில், பேத்தியின் கீச்சுக்குரலில் அது தடுமாறும். தொலைபேசியில் நன்றாகக் கேட்கிறதே என்று சிலர் வாதிடுவார்கள். பழைய தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் குரலைக் கடத்தியது. 4000-இல் இருக்கும் பள்ளம் அதில் வெளிப்பட வழியே இல்லை. இரவில் கத்தும் சுவர்க்கோழியின் ஒலி பெரும்பாலும் 4000, 5000 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். வீட்டில் மற்றவர்கள் "என்ன இப்படிக் கத்துது" என்னும்போது உங்களுக்கு மட்டும் கேட்கவில்லை என்றால் அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

காதில் குறை வந்தவருக்கு முன்பே வீட்டார் கண்டுகொள்வார்கள். டி.வி. சத்தம் ஏறும். "எதுக்கு எல்லாரும் முணுமுணுக்கிறீங்க, வாயத் தொறந்து பேசுங்க" என்று அப்பா எரிந்துவிழுவார். "அப்பாட்ட சொன்னாலும் காதுல வாங்க மாட்டாரு" என்று பிள்ளைகள் பேசுவதைக் குறைத்துக்கொள்வார்கள். அவர் திண்ணையில் தனியே உட்கார ஆரம்பிப்பார். குணம் மாறிவிட்டது என்று குடும்பம் நினைத்துக்கொள்ளும். நடுத்தர வயதில் கவனிக்காமல் விட்ட கேள்விக்குறைவை, பிற்கால மறதிநோய்க்கான, மாற்றக்கூடிய காரணிகளில் ஒன்றாக லான்செட் ஆணையம் 2020 அறிக்கையிலும் 2024 அறிக்கையிலும் வைத்திருக்கிறது. காது கருவி போட்டால் மறதியே வராது என்று யாரும் உறுதி சொல்லவில்லை. ஆனால் பத்து வருடம் மனிதரோடு மனிதர் பேசாமல் போவதன் இழப்புக்கு ஆய்வு எதுவும் தேவையில்லை.

சோதனைக்கு வருவோம். போவதற்கு முன் பதினான்கு மணி நேரமாவது பலத்த சத்தத்திலிருந்து விலகி இருக்க வேண்டும். இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராகப் போனால் தற்காலிகச் சோர்வும் கணக்கில் சேர்ந்து, காது இருப்பதைவிட மோசமாகத் தெரியும். விடுமுறைக்கு மறுநாள் காலையில் போவது நல்லது. முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர் விளக்கு பொருத்திய சிறு கருவியால் காதுக்குள் பார்ப்பார். குரும்பி அடைத்திருந்தால் எடுப்பார், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அப்போதே தெரியும். ஊக்கு, ஹேர்பின், கோழி இறகு, பட்ஸ் என்று நாம் காதுக்குள் விடும் எல்லாமே குரும்பியை உள்ளேதான் தள்ளுகின்றன. பல வருடமாகக் காது மந்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்கு இந்த இடத்திலேயே குறை தீர்ந்துவிடுவதும் உண்டு.

அடுத்து, ஒலி புகாத சிறு அறை. கனத்த கதவு, ஒரு கண்ணாடிச் சன்னல், அதற்கு அப்பால் செவித்திறன் வல்லுநர், ஆஸ்பத்திரிப் பேச்சில் ஆடியாலஜிஸ்ட். வலக் காதில் சிவப்பு, இடக் காதில் நீலம் என்று குறியிட்ட ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பட்டனைத் தருவார்கள். மிக மெலிதாகக் கேட்டாலும், கேட்டது போலத் தோன்றினாலும் அழுத்த வேண்டும். பலர் இங்கேதான் தயங்குகிறார்கள், நன்றாகக் கேட்ட பிறகு அழுத்தினால் போதும் என்று காத்திருக்கிறார்கள். இது பரீட்சை அல்ல. சந்தேகமான ஒலிக்கும் அழுத்துவதுதான் முறை. வழக்கமாக 1000 ஹெர்ட்ஸில், நன்றாகக் கேட்கும் காதிலிருந்து தொடங்குவார்கள். கேட்டால் 10 டெசிபல் குறைப்பார்கள், கேட்காவிட்டால் 5 டெசிபல் கூட்டுவார்கள். இப்படி இறங்கியும் ஏறியும், பாதி முறையாவது கேட்கிற மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடித்து, அடுத்த சுருதிக்குப் போவார்கள். 250-இலிருந்து 8000 வரை. சத்தத்தில் வேலை செய்பவர்கள் 3000, 6000 ஹெர்ட்ஸிலும் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பள்ளம் சில சமயம் 6000-இல் ஒளிந்திருக்கும்.

பிறகு காதின் பின்னால் இருக்கும் எலும்பில் ஒரு சிறு அதிர்வுக் கருவியை வைப்பார்கள். இது குழாயையும் செவிப்பறையையும் சிற்றெலும்புகளையும் தாண்டி, ஒலியை நேராக உள்காதுக்கு அனுப்பும். ஹெட்ஃபோனில் கேட்காத ஒலி எலும்பு வழியே நன்றாகக் கேட்கிறது என்றால் குறை வெளியிலோ நடுக்காதிலோ இருக்கிறது. சீழ் வடியும் காது, ஓட்டை விழுந்த பறை, இறுகிப்போன எலும்பு போன்றவை இதில் சேரும். மருந்தோ அறுவையோ இவற்றுக்குப் பெரும்பாலும் உதவும். இரண்டு வழியிலும் ஒரே அளவுக்குக் குறைந்திருந்தால் உள்காதில், அல்லது நரம்பில் குறை. தறியும் வெடியும் தருவது இந்த இரண்டாவது வகை. ஒரு காதைச் சோதிக்கும்போது மற்றக் காது உதவிக்கு வராமலிருக்க அதில் ஓர் இரைச்சலை ஓடவிடுவார்கள், அதைப் பொருட்படுத்த வேண்டாம். தமிழ்ச் சொற்களைச் சொல்லி, அவற்றைத் திருப்பிச் சொல்லச் சொல்லும் பேச்சுச் சோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். வாழ்க்கைக்கு மிக நெருக்கமான சோதனை அதுதான். காற்றழுத்தத்தை மாற்றிச் செவிப்பறை அசைவதைப் பார்க்கும் டிம்பனோமெட்ரி இரண்டு நிமிட வேலை.

கையில் வரும் தாளுக்கு ஆடியோகிராம் என்று பெயர். இடமிருந்து வலமாகச் சுருதி உயரும். மேலிருந்து கீழாக டெசிபல் கூடும், அதாவது கோடு கீழே போகப் போகக் காது மோசம். வலக் காதுக்குச் சிவப்பு வட்டம், இடக் காதுக்கு நீலப் பெருக்கல் குறி. அதில் பூஜ்யம் என்றால் நிசப்தம் இல்லை. நல்ல காதுள்ள இளைஞர்கள் சராசரியாகக் கேட்கத் தொடங்கும் அளவு அது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கைப்படி 20 டெசிபலுக்குள் கேட்டால் இயல்பு. 20 முதல் 35 வரை லேசான குறைவு, 35 முதல் 50 வரை நடுத்தரம், 65-ஐத் தாண்டினால் கடுமை. ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தத் தரம் 500, 1000, 2000, 4000 ஆகிய நான்கு சுருதிகளின் சராசரியை வைத்துச் சொல்வது. நான்கில் மூன்று நன்றாக இருந்தால் சராசரியும் நன்றாக வந்துவிடும், 4000-இல் இருக்கும் பள்ளம் அதில் மறைந்துபோகும். "நார்மல்" என்று எழுதித் தந்தாலும் வரைபடத்தை ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

ஆடியோகிராமுக்கும் எல்லை உண்டு. 2009-இல் ஹார்வர்டில் ஷரோன் குஜாவாவும் சார்ல்ஸ் லீபர்மனும் எலிகளில் காட்டியது இது. ஒரு முறை பலத்த சத்தம் கேட்ட பிறகு சோதனை அளவுகள் இயல்புக்குத் திரும்பிவிட்டன, ஆனால் மயிரிழைச் செல்லுக்கும் நரம்புக்கும் நடுவேயுள்ள இணைப்புகளில் பாதியளவு நிரந்தரமாக அறுந்திருந்தன. மனிதரில் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பதில் விவாதம் ஓயவில்லை. சோதனை நன்றாக வந்தது என்பதற்காக மறுநாள் காதடைப்பான் இல்லாமல் தறிக்கூடத்துக்குள் போகலாம் என்று ஆகாது என்பதற்கு இந்த ஆய்வே போதும். பஞ்சை உருட்டி வைப்பது மிகச் சொற்பமாகவே தடுக்கும். நுரைக் காதடைப்பானை விரலால் ஒல்லியாக உருட்டி, மறுகையால் காதை மேலே இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே தொங்கினால் பயனில்லை.

அவசரம் என்று சொல்ல வேண்டியவை இரண்டு. தூங்கி எழுந்ததும் ஒரு காது கேட்கவில்லை, வெடித்த மறுநாளும் காது திறக்கவில்லை, தலைசுற்றலோடு இரைச்சல் இருக்கிறது என்றால், எண்ணெய் காய்ச்சி ஊற்றிக்கொண்டு ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கக் கூடாது. திடீரென வரும் உள்காதுக் குறைவுக்கு ஸ்டீராய்டு மருந்து முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் பலன் எதிர்பார்க்கலாம். குரும்பி அடைப்பா, உள்காதா என்பதைச் சோதனைதான் பிரித்துச் சொல்லும். பறை கிழிந்திருந்தால் ஊற்றிய எண்ணெய் நடுக்காதுக்குள் போய்ச் சீழ் வைக்கும்.

இன்னொன்று, விபத்திலிருந்து தப்பியவர்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெடிவிபத்தை இந்த மாவட்டம் மறக்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ ஷெட்கள் இடிந்திருக்கின்றன. வெடிப்பின் அழுத்தம் 35 கிலோபாஸ்கலைத் தொட்டாலே செவிப்பறை கிழியத் தொடங்கும். ஒலிக்கணக்கில் அது ஏறத்தாழ 185 டெசிபல். தீக்காயத்தோடு வருபவரின் உயிரைக் காப்பதில் எல்லாக் கவனமும் போவது நியாயம். தோல் ஆறிய பிறகும் யாரும் காதைப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அது அநியாயம். தப்பிப் பிழைத்த ஒவ்வொருவருக்கும், பக்கத்து அறையில் காயமின்றி நின்றவருக்கும்கூட, ஆடியோகிராம் எடுப்பது சிகிச்சையின் பகுதியாக வேண்டும். இழப்பீடு கோருவதற்கும் அந்தத் தாள்தான் ஆதாரம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் இழப்பைக் கேள்விக்குறைவு என்றும், 70-ஐ எட்டினால் செவித்திறன் இன்மை என்றும் வகுக்கிறது. சான்றிதழ் வாங்கவும் சோதனை எண்தான் பேசும்.

எங்கே போவது? விருதுநகரில் 2022 ஜனவரியில் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருப்பவருக்குச் சிவகாசியிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை உண்டு. தனியாரிடம் சில நூறு ரூபாயில் முடியும். காது கருவி விற்பவர்கள் நடத்தும் இலவச முகாமைக் குறை சொல்ல மாட்டேன், முதல் பார்வைக்கு உதவும். ஆனால் திருமண மண்டபத்து மேசையில் உட்காரவைத்து எடுக்கும் அளவை நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஒலி புகாத அறை இருக்கிறதா, கருவியைக் கடைசியாக எப்போது அளவு சரிபார்த்தார்கள், சோதிப்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை. உலக சுகாதார நிறுவனம் ஹியர்ஹூ என்ற இலவசச் செயலியையும் தந்திருக்கிறது. இரைச்சலுக்கு நடுவே எண்களைக் கேட்கச் சொல்லும் அது, சோதனைக்குப் போகலாமா என்று முடிவெடுக்க உதவும், சோதனைக்கு ஈடாகாது. கருவி வேண்டும் என்று வந்தால் ஆடியோகிராமை வைத்துத்தான் அதைத் திருத்திப் பொருத்துவார்கள். பக்கத்து வீட்டுத் தாத்தாவின் பழைய காது மிஷினை வாங்கி மாட்டுவது அடுத்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொள்வதைவிட மோசம், சத்தத்தைத் தேவையில்லாத இடத்தில் ஏற்றி மிச்சமிருக்கும் செல்லையும் கெடுக்கும்.

மில்லிலோ தறிக்கூடத்திலோ அச்சகத்திலோ வேலைக்குச் சேரும் பிள்ளை, சேரும் முன்பே ஓர் ஆடியோகிராம் எடுக்கட்டும். பின்னாளில் எவ்வளவு இழந்தோம் என்று காட்ட அந்த முதல் தாளைத் தவிர வேறு சாட்சி இருக்காது. அங்கே ஏற்கெனவே வேலை பார்ப்பவர் ஆண்டுக்கு ஒரு முறை எடுக்கட்டும், நிர்வாகம் அனுப்பாவிட்டால் கேட்கட்டும். சர்க்கரை உள்ளவர்கள், காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின், அமிக்கசின் ஊசி போட்டவர்கள், காதில் ஓயாத இரைச்சல் உள்ளவர்கள் காத்திருக்க வேண்டாம். மற்றவர்கள் ஐம்பது வயதில் தொடங்கி ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையும், அறுபத்தைந்துக்குப் பிறகு ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒரு முறையும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வீட்டில் பெரியவர் ஒருவர் பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தால், இந்த வாரமே அவரை அழைத்துப் போங்கள். வாங்கி வரும் தாளை ரேஷன் கார்டு இருக்கும் பையிலேயே போட்டு வையுங்கள், அடுத்த சோதனைக்கு அதைக் கட்டாயம் எடுத்துச் செல்ல வேண்டும்.